வாசல் வைக்காத பாதாளக் கோட்டை

பூசணிப்பட்டி எந்த வரைபடத்திலும் கிடையாது. அளந்து வரைய வந்த ஆபீசர் யாரிடமாவது வழி கேட்டிருப்பார், அவர்களும் சொல்லியிருப்பார்கள். மனுஷன் இன்னும் நடந்துகொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஊரில் குருபாதம் என்று ஒருவன். வீட்டில் அவன் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். அவன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிற ஜீவன்கள் உலகத்திலேயே சேவுகனும் அழகுமலையும்தான். கேட்கிற இடம், அழகுமலையின் சித்தப்பா நடத்தும் பெயின்ட் கடைக்கு மேலே இருந்த மாடி அறை. அங்கே மூவரும் ஒரு மேஜை விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்களாகி, "இந்தக் கதவை உடைக்கிறேன்", "அந்தப் பூதத்தை வெட்டுறேன்" என்பார்கள். உடைந்ததா, வெட்டுப்பட்டதா என்பதைப் பகடை சொல்லும். பூதம், புதையல், பாதாளக் கோட்டை எல்லாம் தாளில்தான்.

அந்த அறைக்குத்தான் வந்தது ஆபத்து. எதிர்த்தெரு செண்பகமும் இதே ஆட்டத்தில் கெட்டிக்காரி. தன் தோழிகளோடு ஆட அந்த அறை வேண்டும் என்று சித்தப்பாவிடம் கேட்டுவிட்டாள். சித்தப்பா தலையைச் சொறிந்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "குருபாதம், நீ ஒரு பாதாளக் கோட்டை போடு. ஞாயித்துக்கிழமை செண்பகம் உள்ள போகட்டும். வெளிய வந்துட்டா ரூம் அவளுக்கு. மாட்டிக்கிட்டா உங்களுக்கு."

குருபாதத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அறை போனால் அப்புறம் வாய் எதற்கு?

பாதாளக் கோட்டை வரைவது எப்படி என்று செல்போனில் ஒரு நிபுணர் பேசுவதைப் போட்டுக் கேட்டார்கள். "கற்பனை ஊற வேண்டுமா? நிஜமான இருட்டுக்குள் போய் நன்றாகப் பாருங்கள்" என்றார் அவர். பூசணிப்பட்டியில் குகைக்கு எங்கே போவது? அழகுமலை வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் தரையடிச் சம்ப் காலியாகக் கிடந்தது. மூவரும் டார்ச்சோடு இறங்கினார்கள்.

"டார்ச் அடிச்சா வெளிச்சம் வந்துருதே," என்று சேவுகன் கவலைப்பட்டான். "அப்புறம் இருட்டை எப்படிப் பாக்குறது?"

அணைத்தார்கள்.

"இப்ப ஒண்ணுமே தெரியல."

"அதான்டா இருட்டு. உத்துப் பாத்து மனசுல வச்சுக்கோ. மேல போய் வரையணும்," என்றான் குருபாதம்.

மேலே வந்து, பார்த்ததைப் பார்த்தபடியே வரைந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பென்சிலால் கருப்படித்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. முதல் அறை தயார்.

"கட்டம் போட்ட நோட்டில் வரையுங்கள். ஒரு கட்டம் ஐந்தடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் நிபுணர். சேவுகன் இன்ச் டேப்போடு ஊரில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கினான். ஐந்தடிக் கட்டம் போட்ட நோட்டு ஒருவரிடமும் இல்லை. ஒரு கடைக்காரர் இவன் வருவதைப் பார்த்தே ஷட்டரை இறக்கினார்.

கூடி ஆலோசித்தார்கள்.

"கட்டத்தைப் பெருசாக்க முடியாது," என்றான் குருபாதம். "வீரர்களைச் சின்னதாக்குவோம். எறும்பு உசரம் போதும்."

"அப்பப் பூதம்?"

"பூதம்னா பெருசாத்தான் இருக்கணும். கரப்பான் உசரம்."

அத்தனை பெரிய பூதத்தை நினைத்து மூவரும் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"பூதத்தின் இடத்தில் இருந்து யோசியுங்கள்" என்றார் நிபுணர். அழகுமலை மூலையில் உட்கார்ந்து யோசித்தான்.

"எனக்குப் பசிக்குது."

குருபாதம் ஒரு சமையல்கட்டு வரைந்தான்.

"தண்ணி?"

குழாய் வரைந்தான்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தா எங்க உக்காருவாங்க?"

"பூதத்துக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று சேவுகன் வாயைப் பிளந்தான்.

"சம்பந்தின்னா பிள்ளைக்கே ஆயிருச்சுன்னு அர்த்தம்டா!"

கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிடவில்லையே என்று குருபாதத்துக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் பெருந்தன்மையாக ஒரு ஹால் போட்டுக் கொடுத்தான். இத்தனை வசதி செய்து கொடுத்தும் பூதம் ஓடிப்போய்விட்டால்? சேவுகன் ரப்பரை எடுத்து, கோட்டைக்கு இருந்த ஒரே வாசலை அழித்து, சுவரை இழுத்து மூடினான். பிறகுதான் மூவருக்கும் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை காலை நிபுணரின் கடைசி யோசனை பாக்கி இருந்தது: "நீங்களே உள்ளே இருப்பதாக நினைத்து ஒருமுறை நடந்து பாருங்கள்." நினைத்தார்கள். இருட்டு அறையைத் தடவித் தடவித் தாண்டினார்கள். சம்பந்தி ஹாலில் மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார்கள். வெளியே வரலாம் என்று பார்த்தால் வழியைக் காணோம்.

செண்பகம் படியேறி வந்தபோது மூவரும் தாளைச் சுற்றி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆரம்பிக்கலாமா அண்ணே?"

"கொஞ்சம் பொறும்மா," என்றான் குருபாதம் ஈனஸ்வரத்தில். "மொதல்ல நாங்க வெளிய வரணும்."

"வாங்களேன். கதவு தொறந்துதானே கெடக்கு?"

"அது ரூம் கதவு. நாங்க பாதாளத்துல இருக்கோம்."

செண்பகம் தாளைப் பார்த்தாள், மூவரையும் பார்த்தாள். அழகுமலை விசும்ப ஆரம்பித்திருந்தான். அவள் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு வாசல் வரைந்தாள்.

"நீ மகராசியா இருக்கணும் தாயி!" என்று கும்பிட்டுவிட்டு, மூவரும் தாளும் ரப்பருமாகப் படியில் முட்டி மோதி உருண்டு தெருவில் வந்து விழுந்தார்கள்.

மேலே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. செண்பகம் குருபாதத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குரல் கொடுத்தாள்: "வாசல் போட்டதே நான்தான். இனி ஆடவே வேணாம். ரூம் எனக்கு!"

குருபாதத்துக்கு இனி ஆயுசுக்கும் வீட்டு டிவி சத்தம்தான்.

அழகுமலை மெதுவாகக் கேட்டான். "அண்ணே, செண்பகம் இப்ப எங்க இருக்கு?"

"உள்ள."

"நாம?"

"வெளிய."

"வாசல்?"

"என் கையில," என்று சொல்லிவிட்டுக் குருபாதம் தாளைப் பார்த்தான். சேவுகன் ரப்பரை நீட்டினான். குருபாதம் வாசலை அழித்தான், தூளை ஊதினான். பிறகு தொண்டை கிழியக் கத்தினான்: "சித்தப்பா! செண்பகம் மாட்டிக்கிச்சு! ரூம் எங்களுக்கு!"

மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்துவிட்டு, படிக்கட்டின் கீழே காவலுக்கு உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் செண்பகம் தூக்குவாளியோடு படியிறங்கி வந்தாள். அவர்களைத் தாண்டித் தெருவில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். "டீக்கடைக்குப் போறேன் அண்ணே. உங்களுக்கும் வாங்கவா?"

"மூணு வாங்கிட்டு வாம்மா," என்றான் குருபாதம். பிறகு மாடியை அண்ணாந்து பார்த்தான். என்ன இருந்தாலும் ஜெயித்தவன் இல்லையா, மனசு கேட்கவில்லை.

"நாலா வாங்கு. பாவம், செண்பகம்னு ஒரு பொண்ணு மேல மாட்டிக்கிட்டுத் தவிக்குது."