வண்டிப்பேட்டைக்கு இடம் பார்த்த காளை

முன்னொரு காலத்தில், கோட்டைக்கு வெளியே குடியிருக்கப் பயந்த ஜனங்களெல்லாம் பயம் தெளிந்து, கோட்டைக்கு வெளியே ஒரு மனை கிடைக்காதா என்று முட்டி மோதத் தொடங்கிய காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். சிரிப்பு வந்துவிட்டால் மட்டும் அவருக்கு யோசனை போய்விடும். அந்த நேரத்தில் வாயிலிருந்து என்ன வந்தாலும் அது ராஜ கட்டளை.

தெற்கு வாசலுக்கு வெளியே புதுப்பேட்டை என்று ஒரு பேட்டை மளமளவென்று வளர்ந்திருந்தது. நெசவாளர் தெரு, செக்குக்காரர் தெரு, கடைவீதி, பிரதானி திம்மப்பர் மூன்று கட்டு மாளிகையும் அதற்குப் பின்னால் ஒரு மாந்தோப்புமாக இருந்த அதிகாரித் தெரு என்று வரிசையாகத் தெருக்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் வாய்க்கால் தெரு. அந்த மாளிகைகளைக் கட்டிய கொத்தர்களும், சுண்ணாம்பு சுட்டவர்களும், கூடை முடைகிறவர்களும் அங்கேதான் கூரை போட்டுக் குடியிருந்தார்கள். அரண்மனை விகடகவி அம்பலத்தாடியின் வீடும் அங்கேதான். பெரிய பதவியில் இருப்பவருக்கு ஏன் அந்தத் தெரு என்று கேட்காதீர்கள். விகடகவிக்குக் கிடைக்கும் பரிசெல்லாம் சால்வையும் மோதிரமும்தான். சால்வையைப் போர்த்திக்கொண்டு மாளிகைக்குள் குடியேற முடியாது.

பேட்டை வளர்ந்ததே தவிர, வண்டிகள் நிற்க ஓர் இடமில்லை. சந்தைக்குப் போகவும் ஊருக்குப் போகவும் ஜனங்கள் வெயிலில் கோட்டை வாசல்வரை நடந்தார்கள். வண்டிப்பேட்டை வேண்டும் என்று ஒருநாள் எல்லாத் தெருக்காரர்களும் சபைக்கு வந்தார்கள்.

"அவசியம் வேண்டும், மகாராஜா. ஆனால் நாங்கள் தெருவில் பாவு விரிக்கிறவர்கள். புழுதி படிந்தால் நூல் வீணாகிவிடும். செக்குக்காரர் தெருவில் வைத்தால் சௌகரியம்" என்றார் நெசவாளர் தலைவர் மருதையர்.

"எங்கள் தெரு குறுகல், பிரபு. கடைவீதிதான் விசாலம்" என்றார் செக்குக்காரர்.

கடைக்காரர்களோ அதிகாரித் தெருவைக் காட்டினார்கள். பிரதானி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வாய்க்கால் தெருவில் கூரை வீடுகள்தானே, அரசே. பிரித்துவிட்டால் இடமாகிவிடும். வண்டிப்பேட்டை வருவது ஒரு தெருவுக்கு லட்சுமி கடாட்சம்" என்றார்.

அம்பலத்தாடி அங்கே வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் பயம் வந்தால் அவருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். அவருடைய விகடம் எல்லாம் அப்படி வந்ததுதான். "அரசே, இவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே. வண்டிப்பேட்டை எல்லார் வீட்டுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்; யார் வீட்டு வாசலிலும் இருக்கக் கூடாது" என்றார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "அப்படி ஓர் இடத்தை நீரே காட்டும். வெள்ளிக்கிழமைக்குள்" என்றார்.

பிரதானிக்கு அம்பலத்தாடியைக் கண்டாலே ஆகாது. தன்னுடைய நடையை ஒருமுறை விகடகவி சபையில் நடந்து காட்டியதிலிருந்து அப்படி. "காட்ட முடியாவிட்டால், அரசே, வழக்கப்படி பட்டத்துக் காளை இடம் காட்டட்டும். அங்கே உள்ள வீடுகளைக் காலி செய்யும் வேலையை மட்டும் அம்பலத்தாடியிடம் கொடுங்கள். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வீட்டை விட்டுப் போவார்கள்" என்றார்.

ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் நல்ல யோசனைதான்" என்றார். கட்டளை எழுதப்பட்டது.

பட்டத்துக் காளை என்பது அந்த நாட்டு வழக்கம். குளமோ சத்திரமோ சந்தையோ, ஊருக்குப் பொதுவாக எது வந்தாலும் அரண்மனைக் காளையை அலங்கரித்து, பிரதானி வீட்டு வாசலில் பூஜை செய்து அவிழ்த்து விடுவார்கள். அது எங்கே தானாகப் படுக்கிறதோ அங்கே முளை அடித்து எல்லை குறிப்பார்கள். படுத்த காளை தானாக எழும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. காளையின் முடிவுக்கு மேல் ராஜாவே பேசுவதில்லை. மற்ற நாட்களில் அது இஷ்டம்போல் ஊர் சுற்றும்.

அம்பலத்தாடி வீட்டுக்கு நடந்தார். வாய்க்கால் தெரு முனையிலேயே குலவைச் சத்தம் கேட்டது. தெரு நடுவில் பட்டத்துக் காளை சுகமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவி செண்பகவடிவும் தட்டோடு நின்றாள்.

"பாத்தீங்களா, அரமனைக் காளை நம்ம தெருவத் தேடி வந்து படுத்திருக்கு. பத்து நாளா இதே நேரத்துக்கு வருதாம். நமக்கு நல்ல காலம் பொறந்திருச்சுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றாள்.

அம்பலத்தாடி குனிந்து பார்த்தார். காளையின் வாயோரம் பருத்திக்கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. "இத யாரு வச்சது?"

"பிரதானி வீட்டு ஆளு ஒருத்தர் காலையில வந்து கொட்டிட்டுப் போறாரு. புண்ணியமாம்."

சபைக்கு விஷயம் வருமுன்பே பிரதானி காளையைப் பழக்கத் தொடங்கிவிட்டார் என்று அவருக்குப் புரிந்தது. பாவம் அந்தப் பெண்கள், தங்கள் கூரையைப் பிரிக்க வந்த மாட்டுக்குச் சூடம் காட்டுகிறார்கள். விஷயத்தைச் சொன்னார். குலவை நின்றது. கூடை முடையும் காத்தாயி, குங்குமத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இத விரட்டிருவமா?" என்று கேட்டாள்.

"பட்டத்துக் காளைய விரட்டினா தலை போயிரும்" என்றார் அம்பலத்தாடி.

"மகாராசாகிட்ட சொல்லலாமே" என்றாள் செண்பகவடிவு.

"என்னன்னு சொல்றது? மாட்டுக்குத் தீனி போட்டாருன்னா? அது குத்தமா?"

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூரையைப் பிரித்துக்கொண்டு கைக்குழந்தைகளோடு எங்கே போவது என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது. காத்தாயி வீட்டுக் கூரையைத் தன் கையாலேயே பிரிக்க வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் அம்பலத்தாடிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் புதுப்பேட்டை முழுக்கச் சுற்றினார். எல்லார் வீட்டுக்கும் பக்கத்தில், யார் வாசலிலும் இல்லாத இடம். அப்படி ஒன்று கண்ணில் படவில்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. வாய்க்கால் தெருவுக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தார். பார்த்தால் பேட்டை முழுவதும் பயந்துபோய்க் கிடந்தது. பருத்திக்கொட்டை ரகசியம் மற்றவர்களுக்குத் தெரியாதே. காளை நம் தெருவில் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு தெருவும் தூக்கத்தைத் தொலைத்திருந்தது.

மருதையர் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "விகடகவி ஐயா, நீங்க அரமனையில பழகினவங்க. அந்தக் காளை எங்க தெருப் பக்கம் வராம இருக்க ஏதாச்சும் வழி இருந்தாச் சொல்லுங்க."

அம்பலத்தாடி, "வயித்துக்கு இல்லாத மாடுதான் அலையும், மருதையரே. வயிறு நிறைஞ்சா எந்த மாடும் தெருத்தெருவாப் போகாது. பிரதானி வாசல்ல பூஜை நடக்கும்போதே நல்லாப் போட்டுருங்க. உங்க தெருவுக்கு ஏன் வரப்போகுது?" என்றார்.

"வேற தெருக்காரங்களுக்குச் சொல்லிறாதீங்க" என்றார் மருதையர்.

"உங்க பேரு வெளிய வராது" என்றார் அம்பலத்தாடி. பேர் வெளியே வரவில்லை. செக்குக்காரர் தெருவிலும் கடைவீதியிலும் அதே யோசனையைத்தான் சொன்னார்; அவர்களும் அடுத்த தெருவுக்குச் சொல்ல வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் காளையின் வயிற்றை நம்பி ஒரு தெருவையே பணயம் வைத்திருக்கிறோமே என்ற நினைப்பு அவரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. "இடம் கிடைத்ததா?" என்று ராஜா கேட்டார்.

"காளையின் வழியே என் வழி, அரசே" என்றார் அம்பலத்தாடி. பிரதானி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

பிரதானி வாசலில் பெரிய கோலம். கொம்புக்கு வெள்ளிப்பூண், கழுத்தில் மாலை, முதுகில் பட்டு. பூஜை தொடங்கும்போதே நெசவாளர் தெருப் பெண்கள் பொங்கல் பானையோடு வந்தார்கள். பின்னாலேயே செக்குக்காரர்கள் கூடை கூடையாக எள்ளுப் பிண்ணாக்கு கொண்டு வந்தார்கள். கடைவீதியிலிருந்து வெல்லம், வாழைப்பழத் தார், கரும்பு. கடைசியில் வாய்க்கால் தெருவிலிருந்து காத்தாயி ஒரு கட்டு அகத்திக்கீரையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிரதானிக்குப் பெருமை தாங்கவில்லை. "நம் வாசல் பூஜைக்கு ஜனங்கள் காட்டும் பக்தியைப் பாருங்கள், அரசே" என்றார்.

காளை தின்றது. யாரும் அதுவரை அதற்கு இப்படிப் போட்டதில்லை. நாளைக்கு இல்லை என்பதுபோலத் தின்றது. பிறகு கயிற்றை அவிழ்த்தார்கள்.

காளை தலையைத் தூக்கி, மூச்சை இழுத்து, வாய்க்கால் தெருப் பக்கம் திரும்பியது. பழகின நேரம், பழகின வழி. ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி வைத்தது. கூட்டத்தில் செண்பகவடிவு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அதிகாரித் தெரு முனைவரை போன காளை அங்கே நின்றது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. ஒரு பெரிய ஏப்பம் விட்டது. தூரத்தில் இருக்கும் பருத்திக்கொட்டையை நினைத்ததோ, பின்னால் மிச்சமிருந்த வாழைப்பழத்தை நினைத்ததோ, மெல்லத் திரும்பி வந்து, பிரதானி வீட்டுக் கோலத்தின் நடுவில் முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, பொத்தென்று படுத்தது.

பிரதானியின் ஆள் ஒருவன் வாலைப் பிடிக்க ஓடினான். "யாரும் தொடக் கூடாது" என்றார் ராஜா. எல்லோரும் காத்திருந்தார்கள். காளை அசைபோட்டது. கொஞ்ச நேரத்தில் கண்ணையும் மூடிக்கொண்டது.

"இங்கேதான் முளை அடிக்க வேண்டும் போலிருக்கிறது, திம்மப்பரே" என்றார் ராஜா.

"அரசே, இது எப்படி முடியும்? வண்டிகள் வந்தால் வாசல் முழுக்கச் சாணியும் மூத்திரமும் நாறும். புழுதியில் கதவைத் திறக்க முடியாது. வண்டிக்காரர்கள் விடியுமுன்னே சண்டை போடுவார்கள். வீட்டில் பெண்கள் வெளியே வரவேண்டாமா? மனிதர் குடியிருக்கும் இடமா அது?"

"லட்சுமி கடாட்சம் என்று சொன்னீரே."

ராஜா அம்பலத்தாடியைப் பார்த்தார். அம்பலத்தாடி கை கட்டி நின்று, "பிரதானி சொன்ன குறை அத்தனையும் உண்மை, அரசே. எந்தத் தெருவுக்கும் அது உண்மை. பிரதானியின் மாளிகையை இடிக்க வேண்டாம். மாளிகைக்குப் பின்னால் அவருடைய மாந்தோப்பு ராஜபாட்டையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. எந்த வீட்டு வாசலும் அந்தப் பக்கம் இல்லை. வண்டிகள் அங்கே தங்கட்டும். தெருவுக்குத் தெரு ஒரு மர நிழலும் ஒரு கல்தொட்டியும் வைத்தால் போதும். பகலில் இரண்டு வண்டிகள் வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும். இரண்டு வண்டி மாடுகள் போடும் சாணிக்குப் பெண்கள் கூடையோடு போட்டி போடுவார்கள். குறை சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். பெரிய வண்டிப்பேட்டை யார் வாசலிலும் இல்லை. வண்டி எல்லார் வீட்டுக்கும் பக்கத்தில்" என்றார்.

"தோப்பா?" என்று முனகிய பிரதானி, தன் வாசலில் குறட்டை விடும் காளையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அரசே" என்றார்.

ராஜா சிரிக்கத் தொடங்கினார். பேட்டையே சேர்ந்து சிரித்தது. மருதையரும் செக்குக்காரரும் ஒருவரையொருவர் பார்த்து, இருவருக்கும் கிடைத்தது ஒரே ரகசியம்தான் என்று புரிந்துகொண்டு, அசடு வழிந்தார்கள்.

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றியபடியே, "அம்பலத்தாடி, காளை அந்த முனையில் நின்றதே. திரும்பாமல் நேராகப் போயிருந்தால் என்ன தந்திரம் வைத்திருந்தீர்?" என்று கேட்டார்.

"தந்திரம் ஒன்றும் இல்லை, அரசே. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சட்டிபானைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் வந்தோம்."

சபையார் அதற்கும் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காத்தாயியைப் பார்த்தார், செண்பகவடிவைப் பார்த்தார், அவர்கள் சிரிக்கவில்லை. ராஜாவின் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. அதற்கு முன் அவர் அப்படிப் பாதியில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை.

முத்துமாலையை அம்பலத்தாடியின் கழுத்தில் போட்டார். பிறகு அந்த வாசலிலேயே வைத்து, வாய்க்கால் தெரு மனைகளை அங்கே குடியிருப்பவர்களுக்கே எழுதிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார். இந்த முறை அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வாய்க்கால் தெருவில் எல்லா வீட்டிலும் மூட்டையை அவிழ்த்தார்கள். அம்பலத்தாடி முத்துமாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மூட்டைக்குள் கைவிட்டுச் சோற்றுப்பானையைத் தேடினார்.