ஒரே ஊற்று

"சாமி, போர் போடற வண்டியை வரச் சொல்லட்டுங்களா, வேண்டாங்களா?"

கும்பிட்ட கையை இறக்கும் முன்பே பாவாயி கேட்டுவிட்டாள். ஐம்பத்து மூன்று வயது. தனி ஆளாக இரண்டு ஏக்கரில் மஞ்சள் போட்டிருந்தாள். எண்ணூறு அடி ஆழ்குழாயில் இந்தக் கோடையில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வந்தது.

சாமிக்கு அவளைவிட இருபது வயது குறைவு. கல்லூரியில் ஆட்டக் கோட்பாடு நடத்தியவர். எதிராளி என்ன செய்வான் என்று எண்ணிப் பார்த்து நம் காயை நகர்த்தும் கணக்கு அது. வேலையை விட்டுவிட்டுக் கரட்டுக் குன்றடியில் குடிசை போட்டிருந்தார்.

"இன்னும் ஆழம் இறக்க வேண்டாம்னு பேச்சு இருக்குதே?"

"இருக்குதுங்க. பக்கத்துக் காட்டுச் சென்னியப்பண்ணனும் நானும் கோயில்ல சத்தியம் பண்ணுனோம். எண்ணூறுக்குக் கீழ ரெண்டு பேரும் போறதில்லைன்னு. ஒரே ஊத்துங்களே. ஆனா அவரு மாறிட்டாருன்னா?"

சாமி மண்ணில் நான்கு கட்டம் கீறினார்.

"அவர் மாறலைன்னா?"

"நான் இறக்குனா தண்ணி பூரா எனக்குங்க."

"மாறிட்டா?"

"நானும் இறக்கித்தானுங்க ஆகோணும். இல்லீன்னா எனக்குப் புழுதிதான்."

"ரெண்டு பேரும் இறக்கினா?"

"ஊத்து தாங்காதுங்க."

"ஆனா அவர் எதைச் செஞ்சாலும், உங்களுக்கு இறக்கறதுதான் சரி."

"கணக்கு அப்படித்தானுங்க வருது."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

பாவாயி கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சோறு இறங்க மாட்டேங்குதுங்க."

சாமி கட்டங்களைக் கையால் அழித்தார்.

"என்கிட்டக் கேட்டதைச் சென்னியப்பன்கிட்டப் போய்க் கேளுங்க."

போனாள்.

சென்னியப்பன் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகளின் பிரசவம் எப்போது என்று கேட்டாள். அவர் மஞ்சளில் இலைக்கருகல் உண்டா என்று கேட்டார். மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மாட்டைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து வண்டிக்காரருக்குப் போன் போட்டாள்.

மூன்றாம் நாள் வண்டி வந்தது. தொள்ளாயிரம் அடி தாண்டும்போது வேலிக்கு அப்பாலும் அதே இரைச்சல் கேட்டது. அங்கேயும் ஒரு வண்டி நின்றது.

ஆயிரத்து இருநூறு அடியில் இரண்டு பக்கமும் வெறும் பாறைத் தூள் பறந்தது. எண்ணூறில் இருந்த தண்ணீரும் எங்கோ கீழே இறங்கிப் போயிருந்தது. மஞ்சள் இன்னும் பச்சையாக நின்றது. பத்து நாள் நிற்கும்.

தலையில் படிந்த தூளோடு பாவாயி சாமி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கணக்குத் தப்புங்களா, சாமி?"

"கணக்கு சரி."

பாவாயி முந்தானையால் தலைத் தூளைத் துடைத்தாள்.

"அன்னிக்கு நீங்க வர்றதுக்கு முதல் நாள் சென்னியப்பன் வந்திருந்தார்," என்றார் சாமி. "இதே கேள்வி."

"என்னங்க சொன்னீங்க?"

"உங்ககிட்டப் போய்க் கேக்கச் சொன்னேன்."

"அதை அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே!"

"சொல்லியிருந்தா அவரை நம்பியிருப்பீங்களா, முந்தியிருப்பீங்களா?"

பாவாயிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

சென்னியப்பன் அவளிடமும் வந்திருந்தார். அந்த முதல் நாள், பொழுது சாயும் நேரம், வீட்டுப் படலுக்கு வெளியே நின்றார். என்னங்கண்ணா என்றாள். மண்வெட்டி வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் தோளில் ஏற்கெனவே ஒரு மண்வெட்டி இருந்தது.