ஒன்றரை இடம்

“அந்த ஒன்றரை இடத்துல நான் என்னதான் செய்யணும் டீச்சர்?”

கேட்டவர் சூடாமணி அம்மாள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டு டீச்சர் நறுமுகைக்கு அவருடைய மகள் வயதுதான்.

பாட்டு தாளத்தோடு தொடங்காது. முதல் தட்டு விழுந்த பிறகு ஒன்றரை இடம் என்கிற சின்ன இடைவெளி விட்டுத்தான் பாட்டை எடுக்க வேண்டும். அம்மாளுக்கோ தட்டு விழுந்தால் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி. உடனே வாய் திறந்துவிடும்.

“நேத்து கொலுவுல என்னால மொத்த கோஷ்டியும் குழம்பிப் போச்சு. நாளைக்கும் முந்தினா, சுண்டல் பொட்டலம் மடிக்க அனுப்பிடுவாங்க. அழுகையா வருது டீச்சர்.”

நறுமுகை சுருதிப் பெட்டியை அணைத்தாள்.

“அணைக்கட்டு நர்சரியில ரோஜாக் கன்று வாங்கணும். வாங்கம்மா, போய்ட்டு வரலாம்.”

“நாளைக்குப் பாடணுமே!”

“பஸ் வந்துடும், கிளம்புங்க.”

பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவகாசமாக இறங்கினார்.

சூடாமணி கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மறுபடியும் கடிகாரம்.

“எப்போ திறப்பாங்க?”

“ரயில் போனதும்.”

நறுமுகை இறங்கிப் போய், மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிக்காய் வாங்கி வந்தாள். வேறு வழியில்லாமல் அம்மாள் ஒரு துண்டைக் கடித்தார். நல்ல பிஞ்சு. சுள்ளென்று உறைத்தது.

இரண்டாவது துண்டை அவரே எடுத்துக்கொண்டார்.

“தண்டவாளத்து ஓரத்துல இவ்வளவு செவ்வந்தியா! யார் வெச்சது?”

கேட்கீப்பர் பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏதோ முணுமுணுத்தார்.

“பாடறார் டீச்சர்! என்ன பாட்டு அது?”

அம்மாள் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினார். ராகம் பிடிபடுகிற மாதிரி இருந்தது. அதற்குள் கேட்கீப்பர் வாளியை வைத்துவிட்டுக் கொடியை எடுத்தார். தடதடவென்று ரயில் வந்துவிட்டது.

“அடடா, அதுக்குள்ளயா!”

கேட் திறந்தது. பஸ் கிளம்பியது. நறுமுகை முன்சீட்டுக் கம்பியில் தாளம் தட்டினாள்.

அம்மாளின் வாயில் கடைசித் துண்டு இருந்தது. அவசரப்படாமல் மென்று விழுங்கிவிட்டுப் பாட்டை எடுத்தார்.

சரியாக விழுந்தது.

“இன்னொரு தடவை.”

இப்போது வாயில் ஒன்றுமில்லை. அம்மாளின் கண் மட்டும், பின்னால் போய்க்கொண்டிருந்த செவ்வந்திமேல் இருந்தது. மறுபடியும் சரியாக விழுந்தது.

நறுமுகை தட்டுவதை நிறுத்தினாள்.

“அந்த ஒன்றரை இடத்துல என்னம்மா செஞ்சீங்க?”

சூடாமணி விரலில் ஒட்டியிருந்த மிளகாய்ப்பொடியை நக்கினார்.

“வெள்ளரிக்காய் தின்னேன்.”