ஆள் இல்லாத படங்கள்

இந்தக் கதையை நான் நேராகக் கேட்கவில்லை. சென்ற மாதம் ஓர் ஓவியக் கண்காட்சியில் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஆக்னெஸ் சொன்னாள். அவளுக்கு அவளுடைய சித்தப்பா சொன்னாராம். அங்கே மாட்டியிருந்தவை எல்லாம் வானத்திலிருந்து பார்த்தது போல வரைந்த நிலங்கள். கட்டம் கட்டமாக வயல், அவிழ்ந்த கயிறு மாதிரி ஆறு, பச்சைப் பஞ்சு மாதிரி காடு. "ஒன்றிலும் ஆளே இல்லையே" என்றேன். அப்போதுதான் அவள் ஆரம்பித்தாள். எனக்கு நினைவிருப்பதை மட்டும் எழுதுகிறேன். கேளுங்கள்.

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. கோடல்நாடு என்று ஒரு நாடு. அதன் ராஜாவுக்கு ஓர் ஆசை: உட்கார்ந்த இடத்திலிருந்தே நாடு முழுவதையும் பார்த்துவிட வேண்டும்.

நெடுங்காரி என்றொரு மந்திரவாதி வந்தான். உள்ளங்கையில் ஒரு பித்தளைப் பருந்து. தரையில் வைத்து மூன்று முறை தட்டினான். அது யானை அளவுக்கு வளர்ந்தது.

"ராஜா, இது உச்சிவெயிலில்தான் கிளம்பும். ஏறு என்றால் ஏறும், இறங்கு என்றால் இறங்கும். படம் வரைகிறவர் ஒருவரை, நான் தரும் படத்துணியோடு இதில் அனுப்புங்கள்."

"உனக்கு என்ன வேண்டும்?"

"பெரிதாக ஒன்றுமில்லை. படத்தில் ஆள் இல்லாத நிலம் எதுவோ, அது எனக்கு."

ஆளில்லாத பொட்டலை வைத்து இவன் என்ன செய்யப் போகிறான் என்று நினைத்து, ராஜா சரி என்றார்.

அந்த நாட்டில் படம் வரைவதில் கெட்டிக்காரி மாசிலா. ஏரிக்கரையில் அக்கா பொன்னரியோடு இருந்தாள். பொன்னரி வாத்து மேய்ப்பவள். தலைக்கு மேல் நீளும் கம்பு, இடப்பக்கம் சரிந்த கொண்டை, உள்நோக்கித் திரும்பிய வலது கால். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் மாசிலாவை வளர்த்தவள் அவள்தான்.

"பருந்து மேல ஏறப் போறியாடி? பரண் மேல ஏறச் சொன்னாலே தலை சுத்துதுன்னு உக்காந்துருவியே!"

"அரண்மனை வேலைக்கா. மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"அங்கேருந்து என்னையும் வரைவியா?"

"நீ எங்க தெரியப் போற? உன் வாத்துதான் தெரியும்."

முதல் நாள் மலை நாடு. ஏறு என்றாள், ஏறியது. வரைந்தாள். இறங்கு என்றாள், இறங்கியது.

"அழகு!" என்றார் ராஜா. "அது என்ன மூன்று கறுப்புப் புள்ளி? ஈ உட்கார்ந்துவிட்டதா?"

"தேன் எடுக்கிறவர்கள், ராஜா."

"படத்தையே கெடுக்கிறது. துடைத்துவிடம்மா" என்றான் நெடுங்காரி.

மாசிலாவுக்கும் அப்படித்தான் பட்டது. சுத்தமான படம்தான் அவளுக்குப் பிடிக்கும். ஈரத்துணியின் முனையால் துடைத்தாள்.

இரண்டாம் நாள் வயல் நாடு. முப்பது புள்ளிகள். யாரும் சொல்லாமலே துடைத்தாள்.

மூன்றாம் நாள் ஏரி. அரிசி இறைத்தது போல வாத்துகள். நடுவே ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. எப்படியும் துடைக்கத்தானே போகிறோம் என்று அதை அவள் வைக்கவேயில்லை. அது அக்கா என்று அவளுக்குத் தெரியுமா என்று ஆக்னெஸிடம் இரண்டு முறை கேட்டேன். தெரியும் என்றாள்.

வீட்டுக்கு வந்தாள். வாத்துகள் அடைபடாமல் வாசலில் கத்திக்கொண்டிருந்தன. கரையில் கம்பு கிடந்தது. அக்கா என்று கூப்பிட்டாள். அக்கா, அக்கா என்று கூப்பிட்டாள். வாத்துகள்தான் திரும்பிப் பார்த்தன.

வயலுக்கு ஓடினாள். அறுத்த நெல்லின் மேல் அரிவாள்கள் கிடந்தன. வரப்பெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகள் தேடிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு ஓடினாள். தேன்குடம் கயிற்றில் தானாக ஆடியது. இரண்டு இடத்திலும் நெடுங்காரியின் எல்லை முளைகள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன.

"என் அக்காவைக் கொடு" என்றாள் அவனிடம்.

"நான் எங்கேயம்மா எடுத்தேன்? எல்லாம் உன் கை செய்தது. வேண்டுமானால் புள்ளியை வைத்துப் பார்."

வைத்தாள். ஏரிக்கரையில் ஓர் உருவம் வந்து நின்றது. பொன்னரி உயரம்தான். முகம் இல்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. வாத்துகள் கிட்டப் போகவில்லை.

அடுத்து, புள்ளிக்குப் பக்கத்தில் கண்ணும் மூக்குமாக அக்காவின் முகத்தை வரைந்தாள். வண்ணம் வெடித்துப் பொடியாக உதிர்ந்தது.

நெடுங்காரி சிரித்தான். "மேலிருந்து தெரியாததை இந்தப் படத்துணி ஏற்காது. அவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியுமா உனக்கு?"

மறுநாள் உச்சிவெயிலில் ஏரிப் படத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு பருந்தின் மேல் ஏறினாள். மேலிருந்து பார்த்தாள். ஆடு ஒரு புள்ளி, ஆள் ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டே இருந்தாள். இறங்கு என்று மட்டும் சொல்லவில்லை.

"இறங்கு என்று சொல்லடி!" என்று கீழே நெடுங்காரி கத்தினான்.

சொல்லவில்லை. தலை சுற்றியது, சொல்லவில்லை. பித்தளை ஆறியது, வெயில் சாய்ந்தது.

அப்போது கீழே ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு நிழல் முளைத்தது. நீண்டது. ஒரு நிழல் குடம் சுமந்தது. ஒரு நிழல் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டது. ஒரு நிழல் கூன் போட்டு நடந்தது. மேலிருந்து முகம் தெரியாதுதான். ஆனால் ஆள் தெரிந்தது.

மாசிலா படத்தை விரித்தாள். அக்காவின் புள்ளியிலிருந்து கிழக்கே ஒரு நிழலை இழுத்தாள். நீளக் கம்பு. சரிந்த கொண்டை. உள்நோக்கித் திரும்பிய கால். வண்ணம் உதிரவில்லை.

கரையில் நின்ற உருவத்தின் காலடியில் முதலில் நிழல் விழுந்தது. அப்புறம் முகம் வந்தது. இறங்கு என்றாள், இறங்கியது.

"ஏன்டி, இவ்வளவு நேரமாவா மேலயே இருந்த? வாத்தையெல்லாம் அடைச்சியா?" என்றாள் பொன்னரி.

மாசிலா வாத்துகளை அடைக்க ஓடினாள்.

மற்றவர்களின் நிழல் அவளுக்குத் தெரியாதே! வீடு வீடாகப் போனாள். நான்தான் துடைத்தேன் என்று சொல்லிவிட்டுத்தான், போனவர் எப்படி நிற்பார், எப்படி நடப்பார் என்று கேட்டாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர் மண்ணை வாரி எறிந்தார். "எங்க வீட்டுக்காரர் இடுப்புல கை வெச்சுத்தான் நிப்பார், சண்டைக்கு வந்த மாதிரி" என்று ஒருத்தி அழுதுகொண்டே நின்று காட்டினாள்.

கேட்டபடியே புள்ளியும் நிழலும் வைத்தாள். வயலில் முப்பது பேரும் வந்தார்கள். மலையில் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது தேன்காரன் வெளியூரான், தனிக்கட்டை. அவன் எப்படி நிற்பான், எப்படி நடப்பான் என்று யாருக்கும் தெரியவில்லை. "தேனை வெச்சுட்டுப் போவான். நிமிந்து பாத்ததில்ல" என்றார்கள். அவனுக்குப் புள்ளி மட்டும் வைத்தாள்; முகமில்லாத உருவமாக மலையில் வந்து நின்றான்.

ராஜா மூன்று படங்களையும் பார்த்தார். நிழல் விழாத நிலமே இல்லை. "உனக்கென்று இங்கே இடமில்லை" என்றார். அந்தச் சொல்லோடு எல்லை முளைகள் தாமாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்தன. பருந்து உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. நெடுங்காரி நாட்டை விட்டு நடந்தே போனான். ஏரிக்கரையை ராஜா வாத்து மேய்ப்பவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். அக்காவும் தங்கையும் அங்கேயே இருந்தார்கள்.

வெயில் சாயும்போது மாசிலா மலைக்குப் போவாளாம். அந்த முகமில்லாதவனுக்கு எதிரே உட்கார்ந்து, எந்தக் காலில் ஊன்றி நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம்.

கதை இவ்வளவுதான். மேலிருந்து நிழலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியிலிருந்து மேற்கு வாசலைப் பார்த்தேன். பகல் பன்னிரண்டே காலுக்குப் பதினொரு தலைகள். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. மாலை ஐந்தரைக்கு மறுபடி பார்த்தேன். தோள்பையை முன்பக்கம் அணைத்துப் பிடிக்கும் ஆக்னெஸை நிழலை வைத்தே கண்டுபிடித்தேன். வாயிற்கதவருகே இன்னொரு நிழல் அசையாமல் நின்றது. யாரென்று தெரியவில்லை. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். இரண்டு வருடமாக எனக்குக் கதவு திறந்துவிடுகிற காவலாளி.