பெண்மயிலுக்குத் தைத்த பாவாடை

அந்தக் காலத்தில், பறவையும் பூச்சியும் ஒன்றோடு ஒன்று பேசி, பேசியதை மறக்காமலும் இருந்தபோது, கரட்டுக் காட்டுக் குட்டையோரம் ஒருநாள் கூடியிருந்தவர்கள் இவர்கள்: பெண்மயில் ஒன்று. அவள் கணவன் ஆண்மயில் ஒன்று. தையல்சிட்டு ஒன்று. சிலந்தி ஒன்று. தவிட்டுக்குருவிகள் ஏழு. கீரி ஒன்று, அதை யாரும் அழைக்கவில்லை, சூரைப்புதருக்குள் படுத்திருந்தது. முட்டை ஐந்து. முட்டையைச் சேர்த்தால் பதினேழு, சேர்க்காவிட்டால் பன்னிரண்டு. அன்றைய பேச்செல்லாம் முட்டையைச் சுற்றியே நடந்ததால் சேர்த்துக்கொள்வதுதான் சரி.

அப்போது ஆண்மயிலுக்கும் பெண்மயிலுக்கும் கழுத்து நிறத்தில்தான் வித்தியாசம். பின்பக்கம் இருவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

கோடை முடிந்தும் மழை வராவிட்டால், ஏதாவது ஒரு பறவை வீட்டுப் பெண் குட்டையோரம் ஆடி மழையைக் கூப்பிட வேண்டும். அது காட்டின் முறை. முந்தின ஆண்டு கௌதாரி வீடு. அந்த ஆண்டு மயில் வீட்டின் முறை வந்தது. முறை வந்த நேரத்தில் பெண்மயில் அடையில் இருந்தாள். குஞ்சு பொரிக்க இன்னும் எட்டு நாள். முறையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தாள். குட்டையில் நீர் ஒரு சாண்தான் மிச்சம், எட்டு நாள் தாங்காது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

ஆட்டத்துக்கான பாவாடையைத் தையல்சிட்டு தைத்து முடித்திருந்தான். நீளமான இறகு நூற்றைம்பது, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கண். தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான் மேகம் இறங்கும் என்பதால் அத்தனை கண். பாவாடையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அது எழுந்து நிற்கவில்லை. புழுதியில் இழுபட்டது, முள்ளில் மாட்டியது. எனவே, வெளியே தெரியாமல் அடியிலிருந்து தூக்கிப் பிடிக்க ஒரு சட்டம் வேண்டும் என்று முடிவானது. அன்று காலை சிட்டு முதல் சட்டத்தைக் கொண்டுவந்தான்.

அது பிரம்பு வளையங்களால் ஆனது. கீழே பெரியது, நடுவில் ஒன்று, மேலே சிறியது, ஆக மூன்று. சிலந்தி கொடுத்த நூலால் அவற்றை இணைத்திருந்தான். பெண்மயில் முட்டையை விட்டு எழுந்து சட்டத்துக்குள் இறங்கி, மேலே பாவாடையைக் கட்டிக்கொண்டாள். பாவாடை நாலாபக்கமும் விரிந்து நின்றது.

"ஐயோ, பாருங்கடி! பஞ்சாரத்தைக் கவுத்த மாதிரியே இருக்குது!" என்றது ஒரு தவிட்டுக்குருவி.

"பஞ்சாரத்துக்குள்ள கோழி இருக்கும். இதுல பஞ்சாரமே நடக்குது," என்றது இன்னொன்று.

பெண்மயில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு அடி ஆடிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு முட்டையின் மேல் உட்காரப் போனாள். வளையம் தரையில் முட்டிக்கொண்டு நின்றது. அவளால் கீழே இறங்க முடியவில்லை.

"தையக்காரரே."

"சொல்லுங்க அம்மணி."

"முட்டைக்கும் எனக்கும் நடுவுல ஒரு சாண் இருக்குது. கண்ணுக்குத் தெரியுதா உங்களுக்கு?"

சிட்டு குனிந்து பார்த்தான். "ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மிதானுங்க."

"கம்மியா இருந்தா முட்டைக்குச் சூடு போய்ச் சேந்துருமா? நான் நின்னுக்கிட்டேவா அடைகாக்கறது?"

சிட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் கூடு இலையைத் தைத்துத் தொங்கவிட்டது. அதில் உட்காருவது அவன் மனைவி. அவன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதனால் நிற்கும் அளவை மூன்று முறை எடுத்தவன், உட்காரும் அளவை ஒருமுறைகூட எடுக்கவில்லை. "தப்பு என்னோடதுதானுங்க. நின்னா விரியணும், உக்காந்தா மடங்கணும். அவ்வளவுதானே? மதியத்துக்குள்ள கொண்டாறேன்."

"நானும் ஒண்ணு சொல்றேன்," என்று ஆண்மயில் முன்னால் வந்தான். "கீழ் வளையத்தை இன்னும் கொஞ்சம் அகலமா..."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் பெண்மயில்.

சிட்டு மறுபடி நூல் கேட்டபோது சிலந்தி எட்டுக் காலையும் இழுத்துக்கொண்டாள். "காலையில ஒரு வலையைப் பிரிச்சுக் குடுத்தேன். இப்ப இன்னொண்ணா? ஈ வந்து என்ற வாயில தானா விழுமாக்கும்?"

"இதுதான் கடைசி அக்கா."

"காலையிலயும் அதையேதான் சொன்னே," என்றாள் சிலந்தி. ஆனாலும் கொடுத்தாள்.

இரண்டாவது சட்டம் மூங்கிலால் ஆனது. அங்கங்கே முடிச்சுப் போட்டு மடங்கும்படி செய்திருந்தான். பெண்மயில் உட்கார்ந்ததும் அது தட்டையாகப் படுத்தது. எழுந்ததும் விரிந்தது. மறுபடி உட்கார்ந்தாள், படுத்தது. ஐந்து முட்டையும் அவள் வயிற்றுக்கடியில் இருந்தன. காலையிலிருந்து முதல்முறையாக அவள் மூச்சை நிதானமாக விட்டாள்.

அடைகாக்கிற எந்தப் பறவையும் இடையிடையே முட்டையைப் புரட்டிவிட வேண்டும். அவளும் சற்றே எழும்பி, அலகால் ஒரு முட்டையைப் புரட்டினாள். பாரம் குறைந்ததும் மூங்கில் அவளைக் கேட்காமலே விரிந்தது. படார் என்று ஒரு சத்தம். ஒரு முட்டை கூட்டைத் தாண்டிப் போய்க் கல்லில் விழுந்து உடைந்தது.

தவிட்டுக்குருவிகள் ஏழும் அன்று வாயை மூடியது இரண்டு முறை. இது முதல் முறை.

பெண்மயில் கல்லைப் பார்த்தாள். பிறகு சட்டத்தை அவிழ்த்தாள், பாவாடையை அவிழ்த்தாள், இரண்டையும் காலால் ஒதுக்கிவிட்டு மீதி நான்கின் மேல் உட்கார்ந்தாள்.

"அம்மணி..." என்றான் சிட்டு.

"பேசாதீங்க. விடிஞ்சதுல இருந்து உங்க சட்டத்துக்காக நான் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்ததுதான் மிச்சம். இனி என்ற உடம்புல ஒரு முடிச்சு விழாது. அளவு வேணும்னா அவரு உடம்புல பாருங்க." கணவனை அலகால் காட்டினாள். "அவரு சும்மாதானே நிக்கறாரு."

"நான் சும்மா நிக்கல. மேப்பார்வை பாத்துக்கிட்டிருக்கேன்," என்றான் ஆண்மயில்.

"ஆமாமா, பாத்துக் கிழிச்சீங்க," என்றது தவிட்டுக்குருவிகளில் ஒன்று.

உடைந்த முட்டையின் வாடை சூரைப்புதர் வரை போனது. கீரி தலையை நிமிர்த்தியது.

சிட்டு ஒரு பனை வடலியின் அடியில் போய் உட்கார்ந்தான். ஒரு முட்டை போயிற்று. இனி ஒன்று போனால் காட்டில் யாரும் அவனிடம் ஒரு தையல்கூடக் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தாலும் வாங்க அவனுக்கு மனம் வராது. எதிரே வடலியின் குருத்தோலை இன்னும் விரியாமல், மடிப்பு மடிப்பாக ஒட்டி நின்றது. பக்கத்து ஓலை முழுதாக விரிந்திருந்தது. இரண்டுக்கும் அடி ஒன்றுதான். சிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டம் உடம்பைச் சுற்றிக் கூடையாக இருக்க வேண்டியதில்லை. பின்னால் மட்டும், விசிறியாக இருந்தால் போதும். அடியில் எல்லாக் குச்சியும் ஓரிடத்தில் சேர வேண்டும். தானாக விரியக்கூடாது, போட்டிருப்பவர் இடுப்பை இறுக்கினால் மட்டும் விரிய வேண்டும்.

பனை மட்டையைச் சீவி, மெல்லிய குச்சிகளாக வரிச்சு எடுத்தான். இருபத்துநான்கு. வளைத்துப் பார்த்ததில் இரண்டு முறிந்தன. நல்லதில் இருபதைப் பிரித்து எடுத்துக்கொண்டான். சிலந்தி மூன்றாவது வலையையும் பிரித்து, "இந்தா, கொண்டு போ. இன்னிக்கு நான் பட்டினின்னு எழுதியிருக்குது," என்று வீசினாள். முடிச்சுகள் நழுவாமல் இருக்கக் கருவேலம்பிசினையும் எடுத்துக்கொண்டான்.

ஆண்மயிலைக் குட்டையோரம் நிறுத்தி, இருபது வரிச்சையும் அவன் பின்னால் வைத்துக் கட்டி, மேலே பாவாடையைப் போட்டான். உடம்பில் வைத்தால்தான் முடிச்சின் இறுக்கம் தெரியும். இறுக்கம் சரியான இடத்தில் பிசின் தடவி, ஈரம் இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும்.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றான் சிட்டு. "இந்த வெயில்ல முந்நூறு எண்ணறதுக்குள்ள பிசின் இறுகிரும். அதுக்குள்ள கழட்டலைன்னா அப்புறம் கழட்ட முடியாது. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன். சொன்னதும் கழட்டிரணும்."

"சரி, சரி. எண்ணு."

சிட்டு பிசினைத் தடவிவிட்டு எண்ணத் தொடங்கினான். ஐம்பதில் இடுப்பை இறுக்கச் சொன்னான். ஆண்மயில் இறுக்கினான்.

அடியில் இருபது வரிச்சும் ஒருசேர எழுந்தன. அவற்றின் மேல் சாய்ந்து நூற்றைம்பது கண்ணும் எழுந்து, அரைவட்டமாக நின்றன. வரிச்சு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

தவிட்டுக்குருவிகள் இரண்டாவது முறை வாயை மூடின.

"தளர்த்துங்க," என்றான் சிட்டு. படுத்தது. "உக்காருங்க." மடிந்து பின்னால் நீண்டது. "சரியா இருக்குது. நூற்று எண்பது. கழட்டுங்க."

"இன்னொரு தடவை விரிச்சுப் பாக்கறேன்."

"இருநூற்றுப் பத்து. கழட்டுங்க."

"தண்ணியில ஒருதரம் பாத்துக்கறேன்." குட்டையின் ஓரமாகப் போய் நின்று இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான்.

"இருநூற்று நாப்பது. ஐயா, உங்களுக்குக் காது இருக்குதா இல்லையா?"

"ஒரே ஒரு சுத்து."

"ஏனுங்க!" என்று கூட்டிலிருந்து பெண்மயில் கத்தினாள். "அது எனக்குத் தைச்சது! கழட்டுங்க!"

அவள் கத்திய அதே நேரத்தில் சூரைப்புதர் அசைந்தது. வெளியே வந்த கீரி, கல்லில் உடைந்து கிடந்ததை ஒரு நக்கு நக்கிவிட்டு, மீதியைத் தேடிக் கூட்டுக்கு நேராக வந்தது. பெண்மயில் சிறகைப் பரப்பி முட்டைகளை மூடினாள். எழுந்து சண்டை போட்டால் முட்டை போய்விடும். உட்கார்ந்திருந்தால் அவள் கழுத்து போய்விடும்.

"இருநூற்று எழுபத்தாறு," என்றான் சிட்டு. வாய் எண்ணியதே தவிர கண் கீரியின் மேல் இருந்தது.

ஆண்மயிலுக்குக் கழற்ற நேரம் இருந்தது. கழற்றிவிட்டு ஓடினால் கூட்டுக்குப் போய்ச் சேர நேரம் இல்லை. அவன் பாவாடையோடு ஓடினான். கூட்டுக்கும் கீரிக்கும் நடுவில் போய் நின்று, இடுப்பை இறுக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி உதறினான். இருபது வரிச்சும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. கீரி தன் வாழ்நாளில் இரண்டு கண்ணுக்கு மேல் ஒரே உடம்பில் பார்த்ததில்லை. நூற்றைம்பது கண் ஒரே நேரத்தில் தன்னை முறைப்பதைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி ஓடியது. அது போகிற வரைக்கும் அவன் உதறுவதை நிறுத்தவில்லை.

"முந்நூற்றுப் பதினொன்று," என்றான் சிட்டு மெதுவாக.

பெண்மயில் வயிற்றுக்கடியில் அலகை விட்டுப் பார்த்தாள். நான்கு. நான்கும் சூடாக இருந்தன.

"இப்பக் கழட்டுங்க," என்றாள்.

ஆண்மயில் இழுத்தான். சிட்டும் இழுத்தான். தவிட்டுக்குருவிகள் ஏழும் வரிசையாக நின்று இழுத்துப் பார்த்தன. "யம்மா, தோலே வந்துரும்போல!" என்று விட்டுவிட்டன. பிசின் வரிச்சையும் பாவாடையையும் உடம்போடு சேர்த்து இறுகியிருந்தது.

"நான் வேணும்னு செய்யல," என்றான் ஆண்மயில்.

"இருநூத்துப் பத்துல வேணும்னுதான் நின்னீங்க. அப்புறம் ஓடினது வேணும்னு இல்ல." பெண்மயில் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல பாவாடை. மடங்கச் சொன்னால் மடங்குகிற, விரியச் சொன்னால் விரிகிற சட்டம். விடிந்ததிலிருந்து அவள் கேட்டது இதைத்தான். "போங்க. போய் நீங்களே ஆடி மழையைக் கூப்பிடுங்க. ஆனா ஒண்ணு, இதைக் கட்டிக்கிட்டு என்ற கூட்டுப் பக்கம் வரக்கூடாது. அதுல நூற்றைம்பது கண்ணு இருக்குது. முட்டை எங்க இருக்குதுன்னு ஊருக்கே காட்டிக் குடுத்துரும்."

அவன் குட்டையோரம் போய் ஆடினான். பொழுது சாய்வதற்குள் மேகம் இறங்கியது. எட்டாம் நாள் குஞ்சு நான்கும் பொரிந்தன.

அன்று முதல்தான் தோகை ஆணிடமும் கூடு பெண்ணிடமும் என்று ஆனது. மேகம் கறுத்தால் அவன் விரித்து ஆடுகிறான். அவள் பக்கத்திலேயே தரையைக் கொத்திக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆடும்போது அவன் பின்பக்கம் போய் நின்று பார்த்தால், தோகையைத் தாங்கிக்கொண்டு பனை மட்டை நிறத்தில் இருபது வரிச்சு இருக்கும். எண்ணிக்கொள்ளலாம்.

தையல்சிட்டு சீவியது இருபத்துநான்கு. கட்டியது இருபது. முறிந்தது இரண்டு. மயில் வீட்டில் எப்போதாவது பழுது பார்க்கக் கூப்பிடுவார்கள் என்று, மிச்சத்தை அவன் தன் வாலிலேயே செருகிக்கொண்டான். மழைக்காலத்தில் ஆண் சிட்டின் வால் நடுவே தனியாக நீட்டிக்கொண்டு நிற்பது அதுதான். இதுவரை யாரும் கூப்பிடவில்லை. மீதம் இரண்டு.