சேற்றில் இறங்கிய அரசன்

கதை கேட்க வந்தவர்களே, காதைக் கொடுங்கள். கடலோரத்தில் அலைவாய் என்றொரு நாடு. அதை ஆண்டவன் இளஞ்சேந்தன். அவனுக்கு உள்ளான் குருவிகள் என்றால் உயிர்.

ஐப்பசி மழையோடு அவை வடக்கேயிருந்து கூட்டங்கூட்டமாய் வரும். அலை வடிந்த சேற்றில் குடுகுடுவென்று ஓடும், கொத்தும், கீச்சிடும். பங்குனி வெயில் ஏறியதும் ஒருநாள் மொத்தமாய்ப் பறந்துவிடும். அன்று அரசன் யாரோடும் பேசமாட்டான்.

"இனி அவற்றைப் போகவிடுவதில்லை" என்று ஒரு வருஷம் முடிவெடுத்தான்.

வலை வீசிப் பிடித்துப் பொற்கூண்டில் அடைத்தான். அவை வாடின; மனம் பொறுக்காமல் திறந்துவிட்டான். நெல்லும் தினையும் வாரி இறைத்தான். காக்கைகள் தின்று கொழுத்தன. உள்ளான் திரும்பியும் பார்க்கவில்லை. 'பாவம், சேற்றில் எப்படித் தங்கும்?' என்று நினைத்து, கடல் புகாமல் கரை எழுப்பி, அந்தச் சேற்று நிலத்தையே தாமரைக் குளமாக்கினான்.

மறு ஐப்பசியில் உள்ளான்கள் வந்தன. குளத்தை மூன்று முறை வட்டமிட்டன. இறங்காமலே போய்விட்டன.

அரசன் கரையில் இடிந்துபோய் உட்கார்ந்தான். அந்த வழியே நண்டுக்கூடையோடு வந்தாள், சேற்றில் நண்டு பிடிக்கும் செவந்தி.

"கோபிக்காமல் கேளுங்கள் ராசா. விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு அடுப்பை இடித்தால் எப்படி?"

"எந்த அடுப்பை இடித்தேன்?"

அவள் கரைக்கு வெளியே குனிந்து ஒரு கை சேறு அள்ளினாள். அதில் புழுக்கள் நெளிந்தன. "நமக்குச் சேறு, அதுகளுக்குச் சோறு. கரையை வெட்டுங்கள். கடல் வந்து போகட்டும்."

"வெட்டினால் வருஷம் முழுக்கத் தங்குமா?"

"தங்காது ராசா. அதுகளின் முட்டையும் குஞ்சும் வடக்கே. இங்கே தின்று தெம்பானால்தான் அவ்வளவு தூரம் பறக்கும். போனால்தானே திரும்பி வரும்?"

அரசன் எழுந்து செருப்பைக் கழற்றினான். மண்வெட்டியை வரவழைத்து முதல் வெட்டை அவனே வெட்டினான். தாமரையையெல்லாம் கடல் அடித்துக்கொண்டு போயிற்று.

கடல் வந்தது, போனது. சேறு படிந்தது. நண்டு வந்தது, புழு வந்தது. அடுத்த ஐப்பசியும் வந்தது. 'மறந்திருக்குமோ?' என்று அரசன் தினமும் வானத்தைப் பார்த்தான்.

ஒரு காலை, வானம் கீச்சுக்கீச்சென்றது. மேகம்போல வந்த கூட்டம் அப்படியே சேற்றில் இறங்கியது. முழங்கால் சேற்றில் நின்ற அரசன் குழந்தைபோலச் சிரித்தான். செவந்தியும் சிரித்தாள். ஊரே வந்து கூடிவிட்டது.

அதனால் நல்லவர்களே, நாம் நேசிப்பவரைக் கட்டிவைப்பதல்ல அன்பு. அவர் வந்து வாழ இடம் காத்துவைப்பதே அன்பு.