பதினைந்து வருஷம் வருமா?

கோதண்டபாணி எந்தப் பொருளையும் நம்பி வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது.

மனுஷரின் வேலை அப்படி. பொதுப்பணித் துறை ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் கான்கிரீட் கட்டிகளை உடைத்தவர். கட்டியை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப்போடுவார். அப்புறம் இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் நொறுங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைக்காரன் கூடையையே வேறு பக்கம் நகர்த்தி வைத்துவிடுவான்.

வாங்கி வந்த சாமானின் பிளாஸ்டிக் உறையையும் பிரிக்க விடமாட்டார். டிவி ரிமோட் உறைக்குள், மிக்சி உறைக்குள், சோபா உறைக்குள்.

"இந்த வீட்டுல பிளாஸ்டிக் சுத்தாம இருக்கறது நான் ஒருத்திதான்" என்பாள் அவர் மனைவி ருக்குமணி.

ருக்குமணிக்கு இதயம் பலவீனம். பஸ் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆகிறது. அவளுடைய அக்கா மங்களம், இடுப்பெலும்பு முறிந்து கொடியக்கரையில் படுத்த படுக்கை. தங்கைக்கு அக்காவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவள் வாய்விட்டுக் கேட்ட ஆசை அது ஒன்றுதான்.

"ஒரு வாடகைக் கார் வச்சுப் போயிட்டு வந்துடலாமே" என்றாள்.

"வாடகைக் கார் எதுக்கு? அடுத்த மாசம் நம்ம காரே வந்துடும்."

அந்த அடுத்த மாசம் ரெண்டு வருஷமாக வந்துகொண்டே இருந்தது. எந்தக் கார் பதினைந்து வருஷம் உழைக்கும் என்று கோதண்டபாணிக்குத் தெரியவில்லை. தெரியாமல் வாங்க மனசு வரவில்லை, பாவம்.

ஒருநாள் மட்டும் அவளைச் சமாதானப்படுத்த ஒரு வாக்குக் கொடுத்தார். "கார் வந்ததும் உன் சீட்டு, அதான் இடது பக்கத்து சீட்டு, அந்த பிளாஸ்டிக்கை நீயே உன் கையால கிழி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நிஜமாவா? இதுக்காகவே உயிரோட இருக்கணுமே" என்று சிரித்தாள் ருக்குமணி.

அந்த ரெண்டு வருஷமும் சனிக்கிழமை தவறாமல் அவர் போய் உட்கார்ந்த இடம், புதுக்கோட்டை சாலையில் பழைய வண்டி உடைக்கிற யார்டு. அதை நடத்தியவர் தையல்நாயகி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாலே அது எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. கோதண்டபாணிக்கு அறுபத்தொன்று. இருந்தாலும் அவர்தான் சீடர். நோட்டும் பேனாவுமாகப் போய்க் கைகட்டி நிற்பார். யார் சிரித்தாலும் கவலைப்படமாட்டார்.

முதல் நாளே கேட்டார். "அம்மா, வண்டியில முதல்ல போறது எது?"

தையல்நாயகி யார்டைக் கையால் சுற்றிக் காட்டினார். "இதுல பாதி, ஓடித் தேஞ்சு வந்ததில்ல சார். நிறுத்தி வச்சுத் துருப்பிடிச்சு வந்தது."

கோதண்டபாணி நோட்டில் எழுதிக்கொண்டார்: அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அவசியம்.

இன்னொரு சனிக்கிழமை. "எந்த வண்டியை நம்பலாம்?"

தையல்நாயகி உள்ளே போய் ஒரு தட்டில் கொய்யாப்பழம் கொண்டுவந்து வைத்தார். இவர் ஒன்றை எடுத்து மோந்தார், அமுக்கினார், காம்பைப் பார்த்தார். அதற்குள் தையல்நாயகி மூன்று பழம் தின்று முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோதண்டபாணி அதையும் எழுதினார்: குருவுக்கு இன்று பசி.

சொல்லி என்ன பிரயோஜனம்? கெட்டிக்காரருக்குச் சில சமயம் கெட்டிக்காரத்தனமே திரை.

அன்று ஆவணி மாதத்துச் சனிக்கிழமை. கோதண்டபாணி உற்சாகமாக வந்தார். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சரியான உச்சிப்பொழுது. சுத்தியல் சத்தம் இல்லை, காக்கை சத்தமும் இல்லை. வாசலில் எப்போதும் அவரைப் பார்த்துக் குரைக்கிற நாய், அன்று பார்த்துவிட்டு வாலை இடுக்கிக்கொண்டு லாரி டயருக்குள் போய்ப் படுத்தது.

அவர் ஒரு விளம்பரத் தாளை நீட்டினார். "முடிவு பண்ணிட்டேன்மா. மூணு மாசம் முன்னாடிதான் இந்தக் கார் வெளிவந்தது. இப்ப அவசரப்படக் கூடாது. முதல்ல வர்ற வண்டிகள்ல சின்னச் சின்னக் குறை இருக்கும். அதெல்லாம் சரி பண்ணி அடுத்தது விடுவான். தையில எடுத்துடலாம்னு இருக்கேன்."

"சரி."

"ஒரே ஒரு கேள்விதான். பதினைந்து வருஷம் வருமா?"

தையல்நாயகி தாளை வாங்கவில்லை. 

"வந்திருக்கு சார். பாக்கறீங்களா?"

"எது வந்திருக்கு?"

"வாங்க."

யார்டின் கடைசி வரிசைக்கு நடந்தார்கள். ரெண்டு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஏனோ கால் போகவில்லை, அவ்வளவுதான். வேலிகாத்தான் புதருக்கு அருகில் ஒரு கார் நின்றது. மற்ற வண்டிகளெல்லாம் டயர் கழன்று கல்லின் மேல் உட்கார்ந்திருக்க, அது மட்டும் நாலு சக்கரத்தில் நின்றது. சாம்பல் நிறம் வெளுத்துப்போயிருந்தது. பம்பரில் பழைய கீறல்கள்.

கோதண்டபாணி கையிலிருந்த தாளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அதே மூக்கு, அதே விளக்கு. மூன்று மாசத்துக்கு முன் பிறந்த வண்டி, கிழடு தட்டிப்போய் நின்றது.

"இது... இது எப்படி?"

"நீங்க கேட்டீங்களே சார்."

அவர் பானெட்டின் மேல் கையை வைத்தார். ஆவணி வெயில் நெருப்பாய்க் கொளுத்துகிறது. பானெட் கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஐயோ, இதென்ன கூத்து என்று வாய்விட்டே சொன்னார்.

பின்பக்கம் போனார். கண்ணாடியில் வெள்ளை எழுத்து, பாதி உரிந்தும் படிக்க முடிந்தது. 'ருக்கு.'

காருக்குப் பின்னால் என்ன பெயர் எழுதுவது என்று அவர் பல நாள் மனசுக்குள் போட்டுப் புரட்டி, கடைசியில் முழுப்பெயர் வேண்டாம், 'ருக்கு' போதும் என்று முடிவு செய்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை. ருக்குமணியிடமே சொன்னதில்லை.

"அம்மா, எனக்கு இது பிடிக்கலை. போயிடலாம்."

"சோதனை பண்ணாமலா?" என்றார் தையல்நாயகி. குரலில் கேலி இல்லை. சாவி வண்டியிலேயே இருந்தது. தையல்நாயகி வெளியில் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திருப்பினார்.

இஞ்சின் ஒரே திருப்பில் எழுந்தது. தட்டல் இல்லை, முனகல் இல்லை, புகை இல்லை. பயத்திலும் கோதண்டபாணியின் காது அதை ரசித்தது. முப்பத்திரண்டு வருஷத்துப் பழக்கமாயிற்றே!

"டேஷ்போர்டுல நோட்டு இருக்கு பாருங்க."

வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, எட்டி அந்த நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். அது அவருடைய கையெழுத்து. கட்டி உடைத்த கணக்கை எழுதியே பழகிய, கோடு தப்பாத எழுத்து.

'தை 6. வண்டி எடுத்த நாள்.' வருஷம், வரப்போகிற வருஷம்.

அடுத்த வரி. 'தை 9. கொடியக்கரை. போக வர 318 கி.மீ. ஆள்: ஒருவர். மங்களம் அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தேன். இஞ்சின் நன்று.'

அவர் அந்த வரியைத் திரும்பப் படித்தார். ஆள்: ஒருவர். என்ன சொல்லிவிட்டு வந்தேன்? பக்கங்களைப் புரட்டினார். மாசாமாசம் ஆயில், டயர், பிரேக். எல்லாம் ஒழுங்கு. ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரில் அதே சொல். ஆள்: ஒருவர். ஆள்: ஒருவர். பதினைந்து வருஷத்துக்கு அப்படியே போயிற்று. கடைசிப் பக்கங்களில் எழுத்து நடுங்கியிருந்தது.

அப்போதுதான் இடது பக்கம் திரும்பினார்.

அந்த சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. பழுத்து மஞ்சளாகி, தலைப்பக்கம் மடங்கி, ஆனால் ஒரு கிழிசல் இல்லாமல். உள்ளே சீட்டு இன்று கடையில் இறக்கியது போல் புத்தம் புதிதாக இருந்தது. அதிலிருந்து புதுக் கார் வாசனை வந்தது.

கோதண்டபாணிக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. ரெண்டு கையையும் நீட்டி அந்த உறையைப் பிடித்தார், கிழித்துவிடலாம் என்று.

"அதைக் கிழிக்க வேண்டியது உங்க கை இல்லையே சார்" என்றார் தையல்நாயகி.

அவர் கை அப்படியே நின்றது. வீட்டில் பேசின பேச்சு. அதையும் அவர் இங்கே சொன்னதில்லை.

இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க கேள்விக்குப் பதில் கெடைச்சுதா சார்? பதினைந்து வருஷம் வந்திருக்கு. நல்ல வண்டி. தாராளமா வாங்கலாம்."

"அம்மா..." என்றார் கோதண்டபாணி. "அவளுக்கு? அவளுக்கு எத்தனை நாள்?"

"ரெண்டு வருஷமா வண்டியைப் பத்தித்தானே கேட்டீங்க. எனக்கும் அதுதான் தெரியும்."

கோதண்டபாணி இறங்கினார். போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மணி போயிற்று. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. அந்த மௌனத்தில் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது, குறையே சொல்ல முடியாத சத்தம். மாரியாத்தா, மாரியாத்தா என்று உதடு முணுமுணுத்தது. மூன்றாம் தடவை, மணி அடித்து ஓயப் போகிற நேரத்தில் எடுத்தாள்.

"மாடிப்படியில கொஞ்சம் உட்கார்ந்துட்டேன். மூச்சு வாங்கிச்சு. ஏங்க, ஏன் இப்படி விடாம அடிக்கிறீங்க?"

"ருக்கு. புடவை மாத்திக்கோ. மாத்திரையை எடுத்து வச்சுக்கோ. கொடியக்கரை போறோம்."

"என்னது? கார் வந்துடுச்சா?"

"வாடகைக் கார். இன்னும் ஒரு மணி நேரத்துல வாசல்ல நிக்கும்."

ருக்குமணி மெதுவாகக் கேட்டாள். "அது எத்தனை வருஷம் உழைக்குமாம்?"

"அக்கா வீடு வரைக்கும் உழைச்சா போதும்டி."

அவள் சிரித்தாள். சிரிப்பின் நடுவே மூச்சு வாங்கியது. "நில்லுங்க, அக்காவுக்கு முறுக்கு இருக்கு, டப்பாவுல போடறேன்" என்று போனை வைத்தாள்.

கோதண்டபாணி சீட்டில் விட்டிருந்த நோட்டை டேஷ்போர்டில் திருப்பி வைக்கக் குனிந்தார். முதல் பக்கத்து எழுத்து மாறியிருக்குமோ, பார்க்கவா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றார். பார்க்கவில்லை. மூடியே வைத்தார். அவர் வாழ்நாளில் சோதித்துப் பார்க்காமல் விட்ட முதல் பொருள் அதுதான்.

வாசலை நோக்கி வேகமாக நடந்தார். பாதி தூரம் போன பிறகும் கடைசி வரிசையிலிருந்து அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து, திரும்பாமலே கேட்டார்.

"அம்மா, இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கே. நிறுத்தலையா?"

"என் கையில இல்ல சார்" என்றார் தையல்நாயகி. "அவங்க வாடகைக் கார்ல ஏறி உட்கார்ந்ததும் அதுவே நின்னுடும். போங்க."